வீட்டை அடமானம் வைத்து எம்.பி.பி.எஸ். வேண்டாம்

ஐயா, உங்கள் கடிதத்தில் பாதி உங்கள் மைத்துனர் சொன்னதுதான். மகளுக்கு நீட் மதிப்பெண் குறைந்தாலும் வீட்டை அடமானம் வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சீட் வாங்கிவிடலாம் என்கிறார். கவலைப்படாதீர்கள் என்று ஆறுதல் சொல்லிப் பயனில்லை. அடமானம் வேண்டவே வேண்டாம். தவணை கட்டப்போவது அவரல்ல.

புரதம் உருவாக்காத டி.என்.ஏ. எதற்கு என்று பிளஸ் டூ படிக்கும் மகள் ஓயாமல் கேட்கிறாள் என்று எழுதிவிட்டு, அதை வெட்டிக் கேள்வி என்கிறீர்கள். அது வெட்டிக் கேள்வியே அல்ல. நம் மரபணுத் தொகுதியில் புரதத்துக்கான பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு. மீதியிலிருந்து ஆயிரக்கணக்கான நீள் ஆர்.என்.ஏ.க்கள், அதாவது டி.என்.ஏ.வைப் பார்த்து எழுதப்படும் நீண்ட நகல்கள், உருவாகின்றன; அவற்றில் பெரும்பாலானவை என்ன செய்கின்றன என்பது இன்னும் தெரியாது. தெரிந்த ஒன்று, 1991-ல் கண்டறியப்பட்ட ஜிஸ்ட். பெண்களின் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு அல்லவா? அதில் ஒன்றை இந்த ஆர்.என்.ஏ. மேலே படர்ந்து மூடி, அதன் மரபணுக்களை அடக்கிவிடுகிறது. ஒளிரும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் உட்கருவுக்குள் ஒரு சின்ன மேகம் மாதிரி ஒளிரும்.

எல்லாமே இவ்வளவு எளிதில் பிடிபடாது. மாலட்1 என்ற இன்னொரு நீள் ஆர்.என்.ஏ. நுரையீரல் புற்றுநோய்ப் பரவலோடு தொடர்புடையது என்று 2003-ல் தெரிந்தது. 2012-ல் அந்த மரபணுவை நீக்கிய எலிகள் சாதாரணமாகவே வளர்ந்தன. அப்படியானால் அது எங்கே, எப்போது தேவைப்படுகிறது? இந்த மாதிரி முடிச்சோடு மாதக்கணக்கில் உட்கார விரும்புகிறவர்களுக்கான துறைதான் ஆர்.என்.ஏ. ஆராய்ச்சி. ஆர்.என்.ஏ. எளிதில் சிதையும், கையுறை போடாமல் தொட்டாலே சோதனை வீணாகலாம். பாதி வேலை சோதனை மேசையில், மீதி கணினியில். அதனால் கணக்கையும் பைத்தான் என்ற கணினி மொழியையும் அவள் விடக்கூடாது.

வழி இதுதான்: ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு; அறிவியலில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்தது. திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிறது. அதற்கான ஐஏடி நுழைவுத்தேர்வில் 60 கேள்விகள். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் தலா 15. தகுதி பெற்றால் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். பிறகு முனைவர் பட்டத்துக்கு ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி.

ஒன்றை மறைக்க மாட்டேன்: முனைவர் பட்டம் முடிய ஐந்தாறு வருடம் ஆகும், நிரந்தர வேலைக்கு அதற்கப்புறமும் காத்திருக்க வேண்டும். இதை அவளிடமே சொல்லுங்கள். கேட்டபிறகு டாக்டர் ஆவதே ஆசை என்றால் நீட் எழுதட்டும், அரசு ஒதுக்கீட்டுக்கு முயலட்டும். இதுதான் வேண்டும் என்றால், ஐஏடி விண்ணப்பத் தேதியைத் தவறவிடாதீர்கள். மைத்துனருக்கு நான் பதில் சொல்கிறேன்.