குசினி திருத்தம்: அலுமாரியைவிடச் சுவர் முக்கியம்

கேள்வி: டொரொன்டோ ஸ்காபரோவில் 1960களில் கட்டிய செங்கல் பங்களோ எங்களுடையது. சுற்றாடலுக்குக் கெடுதி இல்லாமல் குசினியைத் திருத்த ஆசை. வந்து பார்த்த ஒப்பந்தக்காரர் மூங்கில் அலுமாரி, குவாட்ஸ் கல்மேடை, புது ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்து ‘கிரீன் பேக்கேஜ்’ என்று 42,000 டொலர் சொல்கிறார். வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரிக்குள் விண்டரில் கை வைக்க முடியாத குளிர், மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம். அதைக் காட்டினோம், புது அலுமாரி போட்டால் சரியாகிவிடும் என்றார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அந்தப் பூஞ்சணம் அலுமாரியால் வந்ததில்லை, சுவரால் வந்தது. அந்தக் காலத்துச் செங்கல் வீடுகளின் வெளிச்சுவருக்குள் பெரும்பாலும் இன்சுலேஷன், அதாவது குளிர்காப்பு, என்று சொல்ல அதிகம் ஒன்றும் இராது. நாங்களோ சோறு, புட்டு, இடியப்பம் என்று நாள் முழுக்க நீராவி கிளப்புகிறவர்கள். அந்த ஈரக்காற்று அலுமாரிக்குப் பின்னால், அறையின் சூடு எட்டாத இடத்தில், குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகிறது, மிச்சத்தைப் பூஞ்சணம் பார்த்துக்கொள்ளும். இதே சுவரில் மூங்கிலைக் கொண்டுவந்து மாட்டினால் சில விண்டரில் மூங்கிலிலும் அதே கறுப்புத்தான்.

பழைய அலுமாரி இறங்கிப் புதியது ஏறும்வரையுள்ள அந்தச் சில நாள்தான் சுவரைத் தொட உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு, அதை விட்டால் அடுத்தது இருபது வருடம் கழித்து. காற்றுப் புகும் வெடிப்புகளை அடைத்து, இன்சுலேஷன் போட்டு, அதன் உட்புறமாக, அதாவது வீட்டுச் சூடு இருக்கும் பக்கமாக, ஈரத்தடுப்புத் தாள் விரிக்கச் சொல்லுங்கள். சிங்க் குழாய் வெளிச்சுவருக்குள் ஓடினால் அதையும் இப்போதே தரை வழியாகவோ உள்சுவர் வழியாகவோ மாற்ற வேண்டும். குழாயை வெளிப்பக்கம் விட்டுவிட்டு அதற்கு முன்னால் இன்சுலேஷன் போட்டால் வீட்டுச் சூடு குழாய்க்குக் கிடைக்காது, ஜனவரியில் உறைந்து வெடிக்கும். யன்னலும் மாற்றுவதென்றால் சக்திச் சிக்கனத்துக்கான எனர்ஜி ஸ்டார் முத்திரையோடு, யன்னல் எவ்வளவு சூட்டைக் காக்கும் என்று காட்டும் ஈஆர் எண் 34க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள், கூடினால் நல்லது.

ஒன்றை மறக்க வேண்டாம்: உடைப்பதற்கு முன் பரிசோதனை. 1990க்கு முந்திய வீடுகளில் பழைய வினைல் தரை ஓட்டிலும், வெர்மிகியுலைட் எனப்படும் சரளைக்கல் போன்ற இன்சுலேஷனிலும், மூச்சோடு போனால் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம். மாதிரி எடுத்து லாபுக்கு அனுப்பிப் பதில் வரும்வரை யாரையும் சுத்தியல் தூக்க விடாதீர்கள், முக்கியமாக மைத்துனரை.

உதவிப் பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒப்பந்தக்காரர்கள் இன்னும் பழைய கதை சொல்லித் திரிகிறார்கள். மத்திய அரசின் கிரீனர் ஹோம்ஸ் மானியம் 2024லேயே புது விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. ஒன்ராறியோவில் 2025 ஜனவரியில் தொடங்கிய ஹோம் ரெனொவேஷன் சேவிங்ஸ் திட்டம் இன்சுலேஷனுக்கும் யன்னலுக்கும் கொஞ்சம் திருப்பித் தருகிறது. மூங்கில் அலுமாரிக்கு யாரும் ஒரு சதம் தரமாட்டார்கள். வேலை தொடங்குமுன் விதிகளை வாசித்துவிடுங்கள்.

சரி, அலுமாரிக்கு வருவோம். உங்களுடைய பெட்டிகள் பிளைவுட்டாக, ஈரம் ஏறாமல் இருந்தால் கதவை மட்டும் மாற்றுங்கள், அதைவிடச் சுற்றாடலுக்கு உகந்த அலுமாரி எந்தக் கடையிலும் இல்லை. மூங்கில் வளர்வது வேகம்தான், ஆனால் அலுமாரியாக வரும்போது அது பசை போட்டு ஒட்டிய கீலங்கள், கடல் கடந்து வந்த சரக்கு. புதிதாக வாங்கும் பலகை எதுவானாலும் பசையிலிருந்து கசியும் ஃபார்மல்டிஹைட் என்ற நச்சு வாயு அளவுக்குள் இருக்கிறதென்ற லேபிளைக் கேளுங்கள், 2023 ஜனவரி 7 முதல் கனடாவில் அதற்குச் சட்டமே இருக்கிறது. குவாட்ஸ் விஷயத்தில் எனக்கு மனம் ஒப்பாது: உங்கள் குசினியில் அது ஒன்றும் செய்யாது, ஆனால் வெட்டுகிற தொழிலாளியின் நுரையீரலுக்குள் அந்தச் செயற்கைக் கல்லின் தூசு போகிறது. அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டது. லமினேட் போதும். கழற்றுவதில் நல்லது இருந்தால் ஹாபிடாட் ஃபோர் ஹியூமனிட்டி என்ற தொண்டு அமைப்பின் பழைய பொருள் கடையான ரீஸ்டோருக்குக் கொடுங்கள். அவர்களிடமே மலிவாக வாங்கவும் செய்யலாம்.

கேள்வி: காஸை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறச் சொல்கிறார்கள். எங்கள் சமையலுக்குச் சரிவருமா? புகைபோக்கி எது வாங்கலாம்?

பதில்: வரும், சட்டிகளை மாற்றத் தயாரென்றால். அந்த அடுப்பு காந்தப்புலத்தால் சட்டியின் அடியையே சூடாக்குவது, ஆகவே காந்தத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குள் ஒரு சுற்று வாருங்கள். அடியில் ஒட்டினால் வேலை செய்யும், ஒட்டாவிட்டால் இல்லை. அலுமினியப் புட்டுப்பானை, மண்சட்டி இரண்டும் போச்சு. அடி உருண்ட தாச்சியும் சரிவராது. தட்டையான இரும்புத் தோசைக்கல் பிரச்சினையில்லை. முழு அடுப்பு வாங்குமுன், சாதாரண பிளக்கில் ஓடும் ஒற்றை இண்டக்‌ஷன் தட்டு ஒன்றை வாங்கிக் கொஞ்சக் காலம் சமைத்துப் பாருங்கள். முழு அடுப்புக்கு 240 வோல்ட் தனி லைன் வேண்டும், உங்கள் மின்சாரப் பெட்டி 100 அம்பியர் என்றால் தாங்குமா என்று லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். காஸ் குழாயை மூடுவது ஒன்ராறியோவின் காஸ் பாதுகாப்பைக் கவனிக்கும் டிஎஸ்எஸ்ஏயில் பதிவு உள்ளவர் வேலை. ஒன்ராறியோ 2014இல் நிலக்கரியை முழுதாக விட்டுவிட்டது, மின்சாரத்தில் பெரும்பகுதி அணுவும் நீரும், ஆகவே மாறுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் காஸில் ஓடும்வரை காஸ் பில்லின் மாதக் கட்டணம் நிற்கப் போவதில்லை, ‘பில் மிச்சம்’ என்று விற்பவரிடம் இதைக் கேளுங்கள்.

புகைபோக்கிக்குத்தான் நான் காசு செலவழிப்பேன். தூள் வறுக்கிற நாளில் புகை அலாரம் அலறாத தமிழ் வீடு எனக்குத் தெரியாது. கரி வடிகட்டி போட்டுக் காற்றைத் திரும்ப முகத்திலேயே அடிக்கும் மைக்ரோவேவ் வகை வேண்டாம். வெளியே தள்ளும் வகைதான் வேண்டும். குழாய் வழவழப்பான தகரமாக, இயன்றளவு குட்டையாக, அட்டிக் வழியாகப் போனால் இன்சுலேஷன் சுற்றி, வெளிவாயில் தானே மூடும் மடலோடு. இல்லாவிட்டால் குளிர் அந்த வழியே இறங்கும், குழாய்க்குள் தண்ணீர் கட்டி அடுப்பில் சொட்டும். 300 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) அளவு நிதானமான ஒன்று போதும். 900, 1200 என்று பெருமைக்கு வாங்கினால் சூடாக்கிய காற்றை எல்லாம் உறிஞ்சி வெளியே கொட்டும், அதைவிட மோசம், சுடுதண்ணீர்த் தாங்கி பழைய புகைக்கூண்டு வகை என்றால் அதன் புகை கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவோடு வீட்டுக்குள் திரும்பலாம். பின்பக்க அடுப்பில் வறுங்கள், அங்கேதான் புகை நன்றாகப் பிடிபடும்.

கேள்வி: ரசீது இல்லாமல் காசாகத் தந்தால் எச்எஸ்டி என்ற விற்பனை வரி இல்லை, பாதிப் பணம் முன்கூட்டி என்கிறார் ஒப்பந்தக்காரர்.

பதில்: 13 வீதம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் பேப்பர் இல்லாத வேலைக்கு உத்தரவாதம் கேட்கவோ வழக்குப் போடவோ கையில் ஆதாரம் இராது. விலை மதிப்பீடு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், நீங்கள் ஒப்புக்கொண்ட மாற்றங்கள் தவிர, அதற்கு மேல் 10 வீதத்துக்கு அதிகம் கேட்க ஒன்ராறியோ நுகர்வோர் சட்டம் விடாது. உங்கள் வீட்டு மேசையில் இருந்து கையெழுத்து வைத்ததென்றால் 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். கட்டட வேலைச் சட்டப்படி ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தைப் பிடித்து வைக்க வேண்டும், உங்கள் ஒப்பந்தக்காரர் தன் ஆட்களுக்குப் பணம் கொடுக்காமல் விட்டால் அந்தச் சுமை உங்கள் வீட்டின் மேல் ஏறக்கூடும் என்பதால். முன்பணத்தை 10 வீதத்தில் நிறுத்துங்கள், மிச்சத்தை முடித்த வேலைக்கு முடித்தளவு.

கேள்வி: புது ஃபிரிட்ஜ் வந்ததும் பழையதை பேஸ்மென்டில் வைக்கலாமா? மீன், ஆட்டிறைச்சி வைக்க உதவும்.

பதில்: அப்புறம் புது எனர்ஜி ஸ்டார் ஃபிரிட்ஜ் எதற்கு? இரண்டும் ஓடும், பில் கூடும். உண்மையாகவே இடம் வேண்டுமென்றால் மேலே திறக்கும் சிறிய ஃபிரீசர் ஒன்று வாங்குங்கள். பழையதை வெளியே வைக்கும்போது கதவைக் கழற்றிவிடுங்கள், பிள்ளைகள் உள்ளே ஏறி மாட்டிக்கொள்வார்கள்.