இந்தியாவில் தத்தெடுத்து ஊர் திரும்ப: மலேசியாவின் சுங்கை சிப்புட்காரர்கள் கேட்டவை

(வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து தத்தெடுப்புக் கேஸ்களைப் பார்த்த அக்கா பதில் சொல்கிறார்.)

ஜாலோங் அண்ணன்: திருச்சியில் என் சித்தப்பா மகனுக்கு நாலு பிள்ளைகள். கடைசிப் பையனை எங்களுக்குத் தரச் சம்மதம். சொந்தம்தானே, சீக்கிரம் முடியுமா அக்கா?

நமக்குச் சொந்தம், சட்டத்துக்கு இல்லை. இந்தியாவின் 2015 சிறார் நீதிச் சட்டத்தில் உறவினர் என்றால் தாத்தா பாட்டி, அல்லது அப்பா அம்மாவின் உடன்பிறப்பு. அவ்வளவுதான். உங்கள் கூடப்பிறந்த தம்பியின் பிள்ளை என்றால் வழி உண்டு: மாவட்ட ஆட்சியரின் உத்தரவும், டெல்லியில் ‘காரா’ எனும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும். பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள் என்று டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

சாலாக் உத்தாரா தங்கை: ரிஜிஸ்தர் ஆபீசில் தத்துப் பத்திரம் போட்டால் போதும் என்கிறார்களே?

1956 இந்து தத்தெடுப்புச் சட்டப்படி எழுதும் பத்திரம் இந்தியாவுக்குள் செல்லுபடியாகும். பிள்ளையைக் கடல் தாண்டிக் கூட்டிவர அதற்கும் காரா சான்று வேண்டும். இன்னொன்று, நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்தே கைக்குழந்தை வாங்கித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் 5 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம்.

லிந்தாங் தம்பி: உறவில் யாரும் இல்லை. எனக்கு 47, வீட்டுக்காரிக்கு 44. கைக்குழந்தை கிடைக்குமா?

கிடைக்காது தம்பி. காரா இருவர் வயதையும் கூட்டிப் பார்க்கும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உச்சவரம்பு 85. 2 முதல் 4 வரை 90. 4 முதல் 8 வரை 100. உங்களுக்கு 91, ஆக 4 வயதுக்கு மேல்தான். தவிர, நாடுகளுக்கிடையே தத்தெடுப்பது பற்றிய ஹேக் ஒப்பந்தத்தில் மலேசியா சேரவில்லை. அதனால் விண்ணப்பம் இங்குள்ள அரசுத் துறை வழியாகப் போக வேண்டும். முதலில் சமூக நல இலாகாவில் போய்க் கேளுங்கள். உங்களிடம் ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருந்தால் மற்ற வெளிநாட்டவரைவிட உங்களுக்கு முன்னுரிமை உண்டு, அது பெரிய உதவி.

ஜாலோங் அண்ணன்: பேப்பரில் எங்கே சிக்கும்?

பேரில். நம் ஐசியிலும் (அடையாள அட்டை) பாஸ்போர்ட்டிலும் ‘முருகன் ஏ/எல் ராமன்’ என்று இருக்கும், ஏ/எல் என்றால் ‘மகன்’. அங்குள்ள கிளார்க் ஏ/எல்லைப் பேரின் பாதி என்று நினைப்பார், அல்லது விட்டுவிடுவார். உத்தரவில் ஒரு விதம், பிள்ளையின் இந்தியப் பாஸ்போர்ட்டில் வேறு விதம் என்றால் திருத்துவதற்குள் விசா நாள் ஓடிவிடும். உத்தரவு கைக்கு வந்ததும், நாற்காலியை விட்டு எழும்பும் முன்பே எழுத்தெழுத்தாகச் சரி பாருங்கள்.

இந்தியருக்கு 30 நாள் விசா வேண்டாம் என்ற சலுகையை நம்பிப் பிள்ளையை ஏற்ற வேண்டாம், அது சுற்றுலாக்காரருக்கு. தங்குவதற்கான பாஸ் பற்றிக் குடிநுழைவு இலாகாவில் முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள். இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் பிள்ளைக்கு எம்.டி.ஏ.சி. வருகை அட்டை நிரப்ப வேண்டும். நமக்கு அது தேவையில்லை என்பதால் பலரும் மறப்பது அதைத்தான்.

சாலாக் உத்தாரா தங்கை: வந்த பிறகு?

பிள்ளையைப் பொறுப்பேற்ற ஒரு வாரத்துக்குள் சமூக நல இலாகாவுக்குத் தெரிவி, அது 2001 சிறார் சட்டம். பிறகு 1952 தத்தெடுப்புச் சட்டப்படி செஷன்ஸ் அல்லது உயர் நீதிமன்றத்தில் மனு. ஈப்போவிலேயே முடியும். உத்தரவுக்கு முன் பிள்ளை தொடர்ந்து 3 மாதம் உங்கள் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். இந்திய உத்தரவு இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதே. தத்து கிடைத்தாலும் பிள்ளையின் பத்திரத்தில் ‘பூக்கான் வார்கநெகாரா’ (குடிமகன் அல்ல) என்றுதான் வரும். குடியுரிமைக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதுவரை அரசு கிளினிக்கில் வெளிநாட்டவர் கட்டணம் கேட்கக்கூடும். அதற்கும் கொஞ்சம் வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கி வை.

லிந்தாங் தம்பி: 5 வயசுப் பிள்ளைக்கு என்ன தயார் செய்ய?

குழந்தைகள் இல்லத்தில் அவள் போர்த்திய துணியைக் கேட்டு வாங்கி, துவைக்காமல் கொண்டு வாருங்கள். முதல் வாரம் இட்லி, ரசஞ்சோறு போதும், மீ கோரேங் பிறகு. கோயிலில் விருந்து வைத்து, தோட்டத்து ஆட்களெல்லாம் வந்து கன்னத்தைக் கிள்ளும் வேலை அந்த மாதம் வேண்டாம். தடுப்பூசி அட்டையை முதல் நாளே நம் கிளினிக்கில் காட்டுங்கள், இரு நாட்டு அட்டவணையும் ஒன்றல்ல.

ஜாலோங் அண்ணன்: இந்தியாவிலிருந்து பிள்ளையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பார்களா?

இரண்டு ஆண்டு அறிக்கை போக வேண்டும். முதல் ஆண்டு 3 மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த ஆண்டு 6 மாதத்துக்கு ஒருமுறை. பிறந்தநாள் கேக் படம் மட்டும் வைத்தால் ஆகாது. பிள்ளை எப்படி வளர்கிறது, வீட்டோடு எப்படிப் பழகுகிறது என்று எழுத வேண்டும்.