கையெழுத்துப் போடாத சம்மன் செல்லுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அப்பாவிடம் யாரோ ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பா எதிலும் கையெழுத்துப் போடவில்லை. சில நாள் கழித்து அதே கட்டு தபாலிலும் வந்தது. பழைய கிரெடிட் கார்டு பாக்கி 8,400 டாலருக்கு, நான் கேள்விப்பட்டே இராத ஒரு கம்பெனி வழக்குப் போட்டிருக்கிறது. "கையெழுத்து இல்லையென்றால் செல்லாது, பேசாமல் இருங்கள்" என்கிறார் என் கணவரின் நண்பர். என்ன செய்வது?

பதில்: பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். சம்மனை வாங்கிக்கொண்டவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. கொண்டுவந்தவர், 'இன்னாரிடம் இன்ன நாளில் கொடுத்தேன்' என்று எழுதிக் கோர்ட்டில் தாக்கல் செய்தால் போதும். வாசலில் வீசிவிட்டுப் போய், கையில் கொடுத்ததாக எழுதித் தருகிற ஆட்களும் உண்டு. எதிர்த்துக் கேட்க ஆள் வராதவரை கோர்ட் அந்தத் தாளை அப்படியே நம்பும். இதற்குப் பெயர் நீதிமுறை!

உங்கள் கையிலேயே கொடுத்திருந்தால் 30 நாள் கெடு. வீட்டில் இருந்த பெரியவரிடம் கொடுத்துத் தபாலிலும் அனுப்பியதால், தபாலில் போட்டதிலிருந்து பத்தாவது நாளில்தான் சம்மன் சேர்ந்ததாகக் கணக்கு. அதற்கு மேல் 30 நாள். தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், முத்திரைத் தேதி தேவைப்படும். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும்.

கெடுவுக்குள் பதில் தாக்கலாகாவிட்டால் 'டீஃபால்ட்', அதாவது நீங்கள் பதில் சொல்லவில்லை என்று கோர்ட்டில் பதிவாகிவிடும். கடன் உங்களுடையதுதானா என்று உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். தீர்ப்பு வாங்கிக்கொண்டு நேரே உங்கள் சம்பளத்தில் கை வைப்பார்கள்.

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது தொலைபேசியில்தான். எதிர்த்தரப்பு வக்கீல் அலுவலகத்தில் இனிக்க இனிக்கப் பேசுவார்கள்: "மாதம் 100 டாலர் கட்டுங்கள், கோர்ட்டுக்கெல்லாம் போக வேண்டாம்." கட்டிக்கொண்டே இருப்பீர்கள், அங்கே டீஃபால்ட் பதிவாகியிருக்கும். உங்கள் கட்டின் முதல் பக்கத்தைப் பாருங்கள். கடிதமோ தொலைபேசி அழைப்போ உங்களைக் காப்பாற்றாது என்று அந்தச் சம்மன் படிவத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். எழுத்துதான் எறும்பு அளவு. அடுத்தது 'கடனைத் தீர்த்துத் தருகிறோம்' என்று வாட்ஸ்அப் குழுக்களில் வலை வீசும் ஏஜென்ட்கள். இவர்களால் உங்களுக்காகக் கோர்ட்டில் ஒரு வார்த்தை பேச முடியாது. வேலை முடியும் முன்பே கமிஷன் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பதில் மனுவுக்கான படிவம் கோர்ட் இணையதளத்தில் இலவசம். நிரப்பத் தெரியாவிட்டால் உங்கள் கவுன்ட்டி சுப்பீரியர் கோர்ட்டின் செல்ஃப் ஹெல்ப் சென்டருக்கு (வக்கீல் இல்லாதவர்களுக்கு உதவும் பிரிவு) போங்கள், அதற்கும் காசில்லை. தாக்கல் கட்டணம் உண்டு. வருமானம் குறைவென்றால் தள்ளுபடி கேட்கலாம். உங்கள்மேல் வழக்குப் போட்டிருப்பது போன்ற கம்பெனிகள் வாராக் கடனைப் பழைய பேப்பர் கடைக்காரர் மாதிரி மொத்தமாக எடைக்கு வாங்குபவை. 2014 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ விற்ற கடன் என்றால், அது யார் யார் கை மாறி வந்தது என்பதைக் கம்பெனி தன் வழக்கு மனுவிலேயே சொல்லியாக வேண்டும். நீங்கள் பணம் கட்டுவது நின்று 4 ஆண்டு தாண்டியிருந்தால், காலாவதி என்பதைப் பதிலில் எழுதுங்கள். நீங்கள் எழுதாமல் கோர்ட் தானாக எடுத்துக்கொள்ளாது. பதிலின் நகலை எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நீங்களே தபாலில் போடக் கூடாது. உங்கள் கணவர் பெயர் வழக்கில் இல்லையென்றால் அவர் போட்டு, போட்டதாகப் படிவத்தில் கையெழுத்திடட்டும்.

இனி அப்பா விஷயம். நண்பர் சொன்னதில் துளி உண்மை இங்கேதான் இருக்கிறது. உங்கள் கையில் கொடுக்க முதலில் நியாயமாக முயன்றிருக்க வேண்டும். அப்பாவிடம் இது இன்ன காகிதம் என்று சொல்லியிருக்க வேண்டும். விசிட்டர் விசாவில் வந்தவர் 'வீட்டில் ஒருவர்' ஆவாரா என்றும் வாதிடலாம். ஆனால் அதற்கென்று தனி மனு உண்டு. அதே கெடுவுக்குள், பதில் மனுவுக்கு முன்போ அதோடு சேர்த்தோ போட வேண்டும். முதலில் பதிலைத் தாக்கல் செய்துவிட்டு அப்புறம் சம்மன் சரியில்லை என்றால் எடுபடாது. கோர்ட்டுக்கு வந்துவிட்டீர்கள், அந்தக் குறை அத்தோடு போச்சு. சரி, மனுவில் ஜெயித்தால்? வழக்கு சாகாது. இன்னொரு நாள் இன்னொருவர் வந்து உங்கள் கையிலேயே கொடுப்பார். 8,400 டாலர் வழக்கில் இதற்கு வக்கீல் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பதிலைத் தாக்கல் செய்வதே மேல்.

நாளைக்கே வழக்கு எண்ணைக் கொடுத்து, சம்மன் கொடுத்ததற்கான பத்திரம் தாக்கலாகியிருக்கிறதா என்று கோர்ட்டில் கேளுங்கள். ஆகியிருந்தால் நகல் வாங்கிப் பாருங்கள். எந்தத் தேதி போட்டிருக்கிறார்கள், அப்பாவை யாரென்று எழுதியிருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும்.