டெல்டா புழுக்கத்தில் பக் நாய்: ஏசி இல்லாமல் சமாளிக்க முடியுமா?

கேள்வி: மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனதால், அவன் வாங்கிய பக் நாய் எங்களிடம் வந்துவிட்டது. இரண்டு வயது, 11 கிலோ. பழைய ஓட்டு வீடு, ஏசி கிடையாது. பகலெல்லாம் இரைக்கிறது, ராத்திரி பெரிய குறட்டை. மூன்று வேளையும் தயிர் சாதம்தான் கொடுக்கிறோம். எங்கள் ஊர் வெயில் இதற்குத் தாங்குமா? – வாசகி, மன்னார்குடி

பதில்: தாங்கும், அம்மா. ஆனால் முதலில் எடையைக் குறைத்தாக வேண்டும். வளர்ந்த பக் 6 முதல் 8 கிலோ இருந்தால் போதும். உங்கள் நாய் மூன்று கிலோ கூடுதலாகச் சுமக்கிறது. இரைப்புக்கு ஏசியை விட அதுதான் பெரிய விஷயம்.

2003-ல் பக் நாயை வைத்து வந்த ஹட்ச் செல்போன் விளம்பரத்துக்குப் பிறகுதான் இந்த இனம் இங்கே தெருவுக்குத் தெரு வந்தது. நம் ஊருக்கு ஏற்ற நாயா என்று யாரும் யோசிக்கவில்லை. இதன் மண்டை ஓட்டைக் குட்டையாக்கி வளர்த்தார்கள். ஆனால் உள்ளே இருக்கும் சதை அதற்கேற்பக் குறையவில்லை. மூக்குத் துவாரம் கீறல்போல இருக்கிறது, மேல் அண்ணத்தின் பின்பகுதி நீண்டு தொண்டையை மறிக்கிறது. குறட்டை அதனால்தான். அசந்து தூங்குகிறது என்று சிரித்துவிட்டுப் போக வேண்டாம். கழுத்தில் கொழுப்பு சேரச் சேர அந்தப் பாதை இன்னும் அடைபடும்.

நாய் நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியானால்தான் அதன் சூடு இறங்கும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் எவ்வளவு இரைத்தாலும் பலனில்லை. அதனால்தான் எனக்கு அக்னி நட்சத்திரத்தை விட, மழைக்கு முந்தைய புழுக்கத்தில்தான் பயம் அதிகம். மே மாதத்தில் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். செப்டம்பரில் மேகமூட்டம்தானே என்று மத்தியானம் நடக்கக் கூட்டிப் போவார்கள். கொடியில் துணி காயாத நாளில் உங்கள் நாயின் சூடும் சுலபமாக இறங்காது. இதைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசி இருந்தால் நல்லதுதான், இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பழைய வீட்டுச் சிமென்ட் தரை குளிர்ச்சியாகவே இருக்கும், அங்கே படுக்க விடுங்கள். வெறும் மின்விசிறிக் காற்று ரோமத்தைத் தாண்டி அவ்வளவாக வேலை செய்யாது. வயிறு, தொடை இடுக்கு, பாதம் மூன்றையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு விசிறியைப் போடுங்கள், வித்தியாசம் தெரியும். கரண்ட் போனால் நனைத்துப் பிழிந்த சாக்கை விரித்து, காற்று வருகிற வாசலோரம் விடுங்கள். தகரக் கொட்டகையிலும் மொட்டை மாடியிலும் கட்டவே கூடாது. நடை காலையில் வெயில் ஏறுவதற்கு முன், அப்புறம் இரவு ஏழு மணிக்கு மேல். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்போடு மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். பட்டையை இழுத்தால் மூச்சும் முட்டும், வெளியே பிதுங்கி நிற்கும் அந்தக் கண்களுக்கும் ஆபத்து.

நாக்கு கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறினால், எச்சில் கெட்டியாக வடிந்தால், தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறி விடுங்கள். ஈரத் துண்டைச் சுற்றி மூடினால் சூடு உள்ளேயே நிற்கும், அது வேண்டாம். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள். நாயின் உடல் சூடு சாதாரணமாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். தெர்மாமீட்டர் இருந்தால், 103-க்கு இறங்கியதும் நனைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். எழுந்து வாலாட்டினாலும் ஓடுங்கள். உள்ளுறுப்புப் பாதிப்பு மறுநாள்கூட வெளிப்படும்.

இனி சாப்பாடு. தயிர் கெடுதல் இல்லை, சோறும் கெடுதல் இல்லை. மூன்று வேளையும் அது மட்டும் என்பதுதான் தப்பு. மாவுச்சத்து உடம்பில் கொழுப்பாகச் சேர்கிறது, புரதம் போதவில்லை. காலையில், 8 கிலோ நாய்க்குப் பையில் போட்டிருக்கும் அளவில் உலர் தீவனத்தை அளந்து, அதில் பாதி. இரவில் ஒரு கைப்பிடி சோறு, ஒரு முட்டை அல்லது எலும்பில்லாத கோழி, வேகவைத்த பீன்ஸோ பூசணியோ. உப்பு வேண்டாம். வெங்காயம், பூண்டு போட்ட சாம்பார் கூடாது. திராட்சை போட்ட சர்க்கரைப் பொங்கல் அறவே கூடாது, திராட்சை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இடையில் தாத்தா ஊட்டும் இட்லித் துண்டும் கணக்கில் வரும்! நாலைந்து மாதத்தில் மெல்ல இறங்கட்டும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்பட்டால் எடை சரி.

இளைத்த பிறகும் இரைப்பு குறையாவிட்டால் மூக்குத் துவாரத்தைப் பெரிதாக்கவும், அண்ணத்தைச் சீர்செய்யவும் அறுவை சிகிச்சை உண்டு. ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மன்னார்குடியிலிருந்து அதிகத் தூரமில்லை. நாயை ஒருமுறை அங்கே காட்டிவிடுங்கள். முக மடிப்புகளைத் தினமும் துடைத்து, ஈரமில்லாமல் உலர்த்துங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. வயல் பக்கம் எலி அதிகம். அதன் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரிலிருந்து நாய்க்கு எலிக்காய்ச்சல் வரும், நாயிடமிருந்து உங்களுக்கும் வரலாம். மகன் வைத்திருக்கும் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். வெறிநாய்க்கடி ஊசியோடு எலிக்காய்ச்சலுக்கான லெப்டோ ஊசியும் வருடா வருடம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள். முதல்முறை என்றால் சில வார இடைவெளியில் இரண்டு தவணை போட வேண்டியிருக்கும்.