பதில்: பயான் (மார்க்கச் சொற்பொழிவு) கேட்டும் ஒன்றும் மனதில் நிற்கவில்லை, வேலையை விட்டு மதரஸாவில் சேரட்டுமா?

வேலையை விட வேண்டாம் பாய். ஆம்பூர் ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுவது "வெறும் துன்யா", உலகக் காரியம், என்கிறீர்கள். பழைய மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா நூலில் கணக்கையும் மருத்துவத்தையும் ஃபர்ளு கிஃபாயாவில்தான் சேர்க்கிறார், அதாவது ஊரில் சிலராவது கற்றே ஆக வேண்டியவை. எல்லாரும் ஃபிக்ஹு என்ற மார்க்கச் சட்டப் படிப்புக்கே ஓடுகிறார்களே, வைத்தியத்துக்கு ஆள் இல்லையே என்று அவருக்கே ஆதங்கம்.

நோட்டு நிறைய எழுதியும் மனதில் நிற்காததற்குக் காரணம், அநேகமாக, கேட்பது உங்கள் அன்றாடத்தோடு ஒட்டாததுதான். யூடியூப் தஜ்ஜால், யஃஜூஜ் மஃஜூஜ் என்று உலக முடிவு விஷயங்களையே தள்ளிக்கொண்டே இருக்கும். வீட்டு நகைக்கு ஜகாத் (கடமையான தர்மம்) உண்டா என்று கேட்டால் முழிப்போம்.

இன்று இரவு பயானை நிறுத்திவிட்டு இந்த ஒன்றைப் பாருங்கள். நம் பக்கம் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபு, அதாவது மார்க்கச் சட்டப் பிரிவு. அதில் மனைவி அணியும் தங்கத்துக்கும் ஜகாத் உண்டு. ஷாஃபி மத்ஹபில் வழக்கமாக அணியும் நகைக்கு இல்லை. ஹனஃபியில் தங்கத்துக்கு நிஸாப், அதாவது ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவு, சுமார் 87 கிராம், 11 சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அளவு இருந்து சந்திர ஆண்டு ஒன்று கடந்திருந்தால் இரண்டரை சதவீதம். எடை போட்டு, கணக்குப் பார்த்து, கொடுத்துவிடுங்கள். அப்புறம் அது மறக்கிறதா பாருங்கள்.

ஒன்று: தங்கத்தோடு ரொக்கமோ வெள்ளியோ இருந்தால் கணக்கு மாறும், குறைந்த தங்கத்துக்கும் ஜகாத் வரலாம். அதை என்னிடம் கேட்காதீர்கள். மஹல்லா இமாமிடமோ வேலூர் பாக்கியாத் மதரஸாவில் ஓதிய ஆலிமிடமோ கேளுங்கள். முழுநேரமாக ஓதும் ஆசை அப்போதும் இருந்தால், வீட்டுச் செலவை யார் பார்ப்பது என்று முதலில் வீட்டில் பேசுங்கள்.