மரக்கம்பமும் பார்லியும்

வணக்கம்.

‘அமைதி வேண்டுமானால் போருக்குத் தயாராகு’ என்ற ரோமானியப் பழமொழியை ஓர் உரையில் கேட்டேன். அடுத்த மாதம் முதல்முறையாகப் பத்துப் பேருக்குத் தலைமை ஏற்கிறேன். ரோமானியப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ், ரோமானியத் தளபதி சீசர் இருவரையும் வாசிக்கிறேன். தலைவனுக்குரிய துணிச்சல் எப்படி வரும்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பொறுப்பு கைக்கு வருமுன்பே இவ்வளவு யோசிக்கிறீர்கள். உங்களிடம் வேலை செய்யப்போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மார்க்கஸ் அரேலியஸை நிதானமாக வாசியுங்கள். சீசர் தன் போரைத் தானே எழுதியவர், அதை மறக்காமல் வாசியுங்கள். ஆனால் அந்தப் ‘பழமொழி’யை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அது பழமொழியே அல்ல. கி.பி. 383க்குப் பின், 450க்கு முன் போர்க்கலை நூல் எழுதிய ரோமானியர் வெகெட்டியஸ்; அந்த நூலின் மூன்றாம் பாகத்து முன்னுரையில் வரும் வரியின் சுருக்கம். அதை அடுத்தே அவர் சொல்கிறார்: வெற்றி வேண்டுபவன் வீரர்களைக் கருத்தாகப் பழக்கட்டும், நல்ல முடிவை நாடுபவன் திறமையை நம்பிப் போரிடட்டும், தற்செயலை நம்பி அல்ல. முதல் வரியை வைத்துக்கொண்டு இதைத் தூக்கி எறிந்துவிட்டோமே, அதுதான் என் ஆற்றாமை.

அவருடைய ‘தயாராவது’ என்ன தெரியுமா? அசையாதபடி மண்ணில் நட்ட ஆறடிக் கம்பம். புதிதாகச் சேர்ந்தவன் காலையும் மாலையும் அதன்முன் நிற்க வேண்டும். கையில் பிரம்பால் பின்னிய கேடயம், மரவாள்; இரண்டுமே போரில் ஏந்துவதைப்போல இருமடங்கு எடை. கம்பத்தின் முகத்தைக் குறிவைக்க வேண்டும், பிறகு விலாவை, பிறகு காலை. அப்போதும் தன் உடல் திறந்துவிடக் கூடாது. வெட்டாதே, குத்து என்பது பாடம். வெட்டை எலும்பும் கவசமும் தடுத்துவிடும். ஓங்கும்போது வலது கையும் விலாவும் வெளியே தெரியும். குத்து இரண்டு அங்குலம் இறங்கினாலே போதும். தேறாதவனுக்கு உணவுப்படியில் கோதுமை கிடையாது, பார்லிதான். அதிகாரிகள் முன்னால் தேறிக் காட்டினால்தான் மறுபடி கோதுமை.

பழக்கம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறார். ரோமானியப் பேரரசர் கிரேஷியன் காலத்தில் பயிற்சி தளர்ந்தது, கவசம் கனத்தது. காலாட்படையினர் முதலில் மார்புக்கவசத்தையும் பிறகு தலைக்கவசத்தையும் கழற்ற அனுமதி கேட்டுப் பெற்றார்கள். ரோமோடு போரிட்ட ஜெர்மானிய இனத்தவரான கோத்தியரின் வில்லாளிகள் முன்னால் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். இதை வரலாற்றாசிரியர்கள் எல்லாரும் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் காரண வரிசையைப் பாருங்கள்: உடம்பு பழகவில்லை, அதனால் கவசம் பாரம்; கவசம் இல்லை, அதனால் அணியில் நிற்பவன் நினைப்பெல்லாம் ஓடுவதில்.

துணிச்சலைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் கணக்கில் தொழிலை நன்கு கற்றவனுக்கு அதைச் செய்யப் பயமில்லை, அவ்வளவுதான். உங்கள் பத்துப் பேரில் யாருக்கு எந்த வேலை கைவரவில்லை என்று தெரியுமா? தெரியாமல் துணிச்சலைத் தேடாதீர்கள். வெகெட்டியஸ் நூலின் முதல் பாகத்தில் 11, 12, 13ஆம் அத்தியாயங்களை வாசியுங்கள், பிறகு 20. மூன்றாம் பாகத்து முன்னுரை கடைசியில் போதும்.