பட்டிப்பூக் கசாயமும் மஞ்சளும் புற்றுநோய்க்கு மருந்தாகுமா?

களுவாஞ்சிகுடியிலுள்ள உங்கள் தாயாருக்கு மருந்து ஏற்றுவதை நிறுத்திவிட்டு, உறவினர் சொல்வதுபோல் பட்டிப்பூக் கசாயமும் மஞ்சளும் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம்.

ஆனால் உறவினர் சொல்வது முழுக்கக் கற்பனையும் அன்று. நீரிழிவுக்கெனக் குடிக்கப்பட்டுவந்த பட்டிப்பூ (நித்தியகல்யாணி) இலையை 1950களில் கனடாவில் ஆராய்ந்தவர்கள், சர்க்கரை குறைவதற்குப் பதிலாக ஆய்வு விலங்குகளின் வெண்குருதிக் கலங்கள் குறைவதைக் கண்டார்கள். அந்த எதிர்பாராத விளைவைப் பின்தொடர்ந்தே வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதன் உறவான வின்கிறிஸ்டின், கலங்கள் பிரிவதைத் தடுப்பதால், சிறுவர்களின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. ஒரு கிராம் பெறப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். வளர்ந்தவருக்கோ ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவதில்லை, ஏனெனில் அளவு மீறினால் நரம்புகள் பாதிக்கப்படும். நாளத்தினூடாக மட்டுமே செலுத்தப்படும் இம்மருந்து ஒரு சிரட்டைக் கசாயத்தில் எவ்வளவு இருக்குமென்பதை எந்தப் பரிசாரியாரும் அளந்து சொல்ல முடியாது.

சீன மருத்துவத்தின் பாசாணமான ஆர்செனிக்கும் அப்படியே, சுத்திகரித்து அளந்த பின்னரே ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று.

மஞ்சளிலுள்ள குர்குமின் ஆய்வுக்கூடத்தில் புற்றுக்கலங்களைத் தாக்கினாலும், விழுங்கினால் இரத்தத்தில் மிகச் சொற்பமே சேர்கிறது. கறிக்குப் போடும் மஞ்சளால் தீங்கில்லை. மிளகுச்சாறு கலந்த குர்குமின் வில்லைகள் வேறு விடயம், அவை ஈரலைப் பாதிக்கவும் ஏற்றப்படும் மருந்தின் செயலை மாற்றவும் கூடும். ஏற்கெனவே ஏதேனும் கொடுத்திருந்தால், ஏச்சு விழுமென்று பயந்து மறைக்காமல், அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லுங்கள்.